பதினோரு மணிக்கு விடிகிற தெரு

மலையடி நகர் இரண்டாவது தெருவில் காலை பதினோரு மணிக்கு விடிய ஆரம்பித்த பிறகு எல்லோரும் ஒருமாதிரி பழகிக்கொண்டார்கள். பால்காரர் பழகிக்கொண்டார், சேவல்கள் பழகிக்கொண்டன, தெருமுனை ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருட்டும் வெளிச்சமும் சேர்கிற இடத்தில் புதிதாக டீக்கடை போட்டவர் பழகிக்கொண்டதோடு நில்லாமல் கொஞ்சம் சதையும் போட்டார். பழகாமல் கிடந்தது பரிமளா ஒருத்திதான், ஏனென்றால் அந்தத் தெருவின் சூரியன் அவள் வீட்டு ஹாலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இழந்தது ஒன்றே ஒன்று, அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மொட்டைமாடிக்குப் போகிற வெளிப்படிக்கட்டில் நான்காவது படி இருக்கிறதே, அதில்தான் திருச்செங்கோட்டு மலைக்குப் பக்கவாட்டிலிருந்து வருகிற முதல் வெயில் விழும். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு அவள் அங்கே போய் உட்காருவாள், அந்த டம்ளர் காலியாகிற வரைக்கும் இருபது நிமிடம் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மாமியார் உயிரோடு இருந்த காலத்திலும், மகன் கைக்குழந்தையாக இருந்த காலத்திலும், அவன் வளர்ந்து கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகும், அந்த இருபது நிமிடத்தை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நேரத்தில் அவள் சாமியையும் நினைப்பதில்லை, சமையலையும் நினைப்பதில்லை, சும்மா உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் செங்கோட்டுவேல், ரிக் வண்டிப் பட்டறை ஒன்றில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிற வண்டிகளுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தே தலை நரைத்த மனிதருக்குக் கடல்மேல் ஆசை எப்படி வந்ததென்றால், கொச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மண்டபத்துக்கு எதிர் ஓட்டலில் ஒரு கண்ணாடித் தொட்டியைப் பார்த்துவிட்டார். அதில் பவளம் இருந்தது, பூவா புழுவா என்று சொல்ல முடியாதபடி விரல்களை விரித்து ஆடிக்கொண்டிருந்தது, அவர் முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றிருந்தார். ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே ஹாலில் டிவி இருந்த இடத்துக்குத் தொட்டி வந்தது, டிவி படுக்கையறைக்குப் போனது, படுக்கையறையில் இருந்த தையல் மிஷின் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு உப்பு மூட்டை வந்தது. கடலே இல்லாத ஊரில், சுத்திகரித்த தண்ணீரைக் கேன் கேனாக வாங்கி வந்து, அதில் உப்பைக் கொட்டிக் கலக்கி, உப்பின் அளவு காட்டுகிற மிதவையை விட்டுப் பார்த்து, போதாது என்று இன்னும் கொட்டுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டே அவள் ரசத்துக்கு உப்புப் போட மறந்திருக்கிறாள். ஆயிரம் அடி தோண்டினாலும் இந்த ஊரில் வருவது உப்புத் தண்ணீர்தானே, அதையே பிடித்து ஊற்ற வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டாள். அது வேறு உப்பு, இது வேறு உப்பு என்று அவர் பொறுமையாக விளக்கினார், பட்டறையில் புதுப்பையன்களுக்கு விளக்குகிற அதே குரலில்.

தண்ணீர் வந்தும் மீன் வரவில்லை. கல்லும் தண்ணீரும் மட்டும் நாள் கணக்காக, வாரக் கணக்காக இருந்தன, அதற்கு ஒரு மோட்டார் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மீன் எங்கே என்று கேட்டால் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பாக்டீரியா இப்போதுதான் வளர்கிறது என்று அவர் பெருமையாகச் சொல்வார், சொந்தக்காரர்கள் பரிமளாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆவியாகிப் போகிற தண்ணீருக்குத் தினமும் காலையில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த வேலை எப்படி அவள் தலையில் விழுந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது, ஆனால் விழுந்துவிட்டது.

ஒருவழியாக மூன்று மீன்களும் ஒரு கொத்துப் பவளமும் வந்து சேர்ந்தன, விளக்குதான் கடைசியில் வந்தது. பவளத்துக்கு ஏற்ற விளக்கு கடையில் கிடைக்கும், ஆனால் வாங்கினால் அது யாரோ செய்தது ஆகிவிடுமாம், ஆகவே அவரே செய்வதென்று முடிவாயிற்று. அலுமினியப் பட்டை பட்டறையிலிருந்து வந்தது, நீலத்திலும் வெள்ளையிலும் கடுகளவு எல்.இ.டி.கள் கூரியரில் வந்தன, சூடு ஆற்றுவதற்குப் பழைய கம்ப்யூட்டர்களின் மின்விசிறிகள் ஈரோட்டிலிருந்து வந்தன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினார், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வேலை பரிமளாவுக்கு. அவளுடைய சப்பாத்திப் பலகையில் ஈயம் சொட்டி ஓட்டை விழுந்தது, அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, தேய்க்கிற சப்பாத்தியிலெல்லாம் ஒரு மச்சம் விழுகிறது. முடிந்ததும், மகனுக்குத் தூளி கட்டிய கொக்கியில் சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டு அந்த விளக்கைத் தொங்கவிட்டார்.

அன்று ஆயுத பூஜை. பட்டறைக்காரரல்லவா, விளக்கை இறக்கி வைத்து விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கற்பூரம் காட்டினார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது, அதற்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவருக்குக் கை பரபரத்தது, குங்குமம் காய்வதற்குள் திரும்பத் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அந்தத் தெருவின் சூரியன் விளக்கோடு எழுந்து விளக்கோடு சாய ஆரம்பித்தது. புதிதாக ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று பழைய சூரியன் சார்ஜை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது போலிருக்கிறது என்று ஜோசியர் சொன்னார், அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

காரணம் யாருக்கு வேண்டும், நேரம்தானே பிரச்சினை. செங்கோட்டுவேல் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு மாலை நாலு மணிக்கு அணைத்தால், அவர் வரும்போது பவளமெல்லாம் சுருங்கித் தூங்கிப்போயிருக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் அவர் டைமரில் பதினொன்றுக்கு வைத்து இரவு ஒன்பதுக்கு அணைத்தார், பத்து மணி நேரத்துக்குமேல் வெளிச்சம் கொடுத்தால் பாசி பிடித்துவிடுமாம். விடிவதற்கு முன்னால் அரைமணி நேரம் நீலம், சாய்வதற்கு முன்னால் அரைமணி நேரம் நீலம். ஆக இரண்டாவது தெருவில் வெயில் பதினோரு மணிக்கு வந்தது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மாடியில் துணி காய்ந்தது, ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க நீலம் பூத்து அணைந்தது. நிலாவுக்கென்று ஓரத்தில் ஒரு சின்ன நீல விளக்கை அவர் வைத்திருந்ததால் தினமும் பௌர்ணமிதான், அமாவாசை விரதக்காரர்கள் மூன்றாவது தெருவுக்குப் போய் விரதம் முடித்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் வாரம் சண்டை போட்டார்கள், இரண்டாவது வாரம் வசதி பார்த்தார்கள், அதன் பிறகு எத்தனையோ தலைமுறையாக இப்படித்தான் என்பது போல ஆகிவிட்டது. குழந்தைகள் டார்ச் அடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பி, ரேஷன் கடை முனையில் பகலுக்குள் நுழைந்ததும் டார்ச்சைப் பைக்குள் போட்டார்கள். கண் கூசுகிறவர்கள் டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்துதானே கணக்குப் போட வேண்டும், அதனால் இந்தத் தெருவுக்கு ராகு காலம் தனியாக வந்தது. அது தொடங்குகிற நேரத்தில் நல்ல காரியம் பேச வேண்டியவர்கள் பக்கத்துத் தெருவுக்கு நடந்தார்கள், அங்கே ராகு காலம் நடக்கிறபோது அந்தத் தெருக்காரர்கள் இங்கே வந்து உட்கார்ந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்கும் பரிமளாதான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் அவளிடம்தான் வந்தது. செங்கோட்டுவேல் பட்டறையில் இருப்பார், சூரியன் வீட்டில் இருக்கும், ஆகவே சூரியனைப் பற்றிய எந்தக் குறையானாலும் அழைப்பு மணியை அழுத்தினால் கதவைத் திறக்கிறவள் அவள்தான். கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போடுகிற வேலையை முடித்துவிட்டு வந்து அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருத்தர் வருவார், வெயில் கொஞ்சம் ஏறலாம் என்பார், இன்னொருத்தர் வருவார், வெயில் கொஞ்சம் இறங்கலாம் என்பார். பக்கத்து வீட்டுச் சரசக்காவுக்கு வடகம் பிழிந்து விற்கிற தொழில், மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் காயப்போடுகிறவள், உச்சிவெயில் போதவில்லை என்று அவள் தினமும் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்வாள். பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற நாளில் தெரு நட்டநடுப் பகலில் இருண்டுபோக, எல்லோரும் சேர்ந்து சூரியனுக்கென்று ஒரு பெரிய இன்வெர்ட்டர் வாங்கி இவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள், அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இவளுக்கு வந்தது. எந்த ஜென்மத்தில் எந்தச் சூரியனுக்கு என்ன பாவம் செய்தேனோ என்று அவள் புனலைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பாள்.

ஒருநாள் அவள் கேட்டாள், கேட்காமல் இல்லை. தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது மீனை எண்ணிவிட்டு முதல் மீனுக்குத் திரும்புகிற மனிதரிடம், ஆறு மணிக்கு விடிகிற மாதிரி வைத்தால் என்ன என்று கேட்டாள். என்னத்துக்கு என்று அவர் கேட்டார். காலையில் கொஞ்ச நேரம் படியில் உட்காருவேன் என்றாள். அவர் சிரிக்கவில்லை, பாவம், நல்ல மனிதர்தான், லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார் என்று யோசனை சொன்னார், நேரத்தை மாற்றினால் கோரல் தாங்காது என்றார், பவளத்துக்கு அவர் வாயில் அதுதான் பேர். அவள் போய் ட்யூப் லைட்டைப் போட்டுக்கொண்டு நான்காவது படியில் உட்கார்ந்தும் பார்த்தாள். பூச்சி வந்தது, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பரிமளா முழித்துவிட்டாள் என்று ஒருத்தர் பின் ஒருத்தர் வந்தார்கள், காபியில் ஒரு ஈசல் விழுந்தது.

இன்னொரு நாள் கோபத்தில் டைமரை அவளே ஆறு மணிக்குத் திருப்பிவிட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சுருங்கிக் கிடந்த பவளத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்று வேளை அவர் சாப்பிடவில்லை. நாலாவது வேளை அவளே டைமரைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டுத் தோசை ஊற்றினாள், மனிதர் சட்னி கேட்டார்.

தெருவின் நலச்சங்கத்துக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் குழந்தைசாமி. சூரியனை ஒருத்தர் வீட்டுப் பிரச்சினையாக விட்டுவிடக்கூடாது, முறைப்படுத்த வேண்டும் என்று அவர் பரிமளா வீட்டு ஹாலிலேயே கூட்டம் போட்டார். வீட்டில் முறுக்கு இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தார். செங்கோட்டுவேலை நடுவில் உட்காரவைத்து, ஐயா நீங்கள் மனது வைத்தால் என்று ஒவ்வொருவரும் ஆரம்பித்ததில், ஸ்டோரில் யாரும் ஐயா என்று கூப்பிட்டிராத மனிதருக்கு முகம் வெயில் பட்ட மாதிரி ஆகிவிட்டது. சரசக்காவின் வடகத்துக்கு உச்சிவெயில் அரைமணி நேரம் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிற பையன்களுக்குக் கொஞ்சம் கூட்டினார். கடைசி வீட்டில் நிச்சயதார்த்தம் என்று ஒருநாள் சூரிய உதயத்தையே முக்கால் மணி நேரம் தள்ளி வைக்க ஒப்புக்கொண்டார், அப்போது கோரல் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில், நல்ல பழக்கமுள்ளவரான தலைமையாசிரியர் டீ ஊற்றிக்கொண்டிருந்த அவளைப் பார்த்து, "பரிமளா, உனக்கு ஏதாச்சும் சொல்லோணுமா?" என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வடகம், கல்யாணம், பரீட்சை, வாதநோய்க்கு வெயில் என்று காரணங்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், எனக்குச் சும்மா உட்கார இருபது நிமிடம் வேண்டும் என்று எப்படிச் சொல்வது. அவள் ஒன்றுமில்லைங்க என்றாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அன்று பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளரை வேண்டுமென்றே சுவரில் இடித்து நசுக்கினாள், அது தன்னுடைய காபி டம்ளர் என்று பிறகுதான் பார்த்தாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில் சரசக்காவின் புருஷன் பழனியப்பன் போய்விட்டார். வடகத்தைப் புரட்டிப் போட மாடிக்கு ஏறியவர் மாடியிலேயே சாய்ந்துவிட்டார். ஒரே மகன் நந்தகோபால் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கோ காட்டுக்குள் இருந்தான், தகவல் போய்ச் சேரவே பாதி நாள் ஆனது, மறுநாள் விமானத்தைப் பிடித்து, இன்னொரு விமானத்தைத் தவறவிட்டு, கோயமுத்தூரில் இறங்கிக் காரில் வந்துகொண்டிருக்கிறேன் என்றான். பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், இன்னொரு ராத்திரி வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மற்ற தெருக்களில் பொழுது எப்போதோ இறங்கிவிட்டது, இந்தத் தெருவில் மட்டும் இன்னும் இருந்தது, ஆனால் அதுவும் நீலம் பூக்கிற நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் பகலில் கொண்டுபோனால் போதும், அதற்கப்பால் உள்ளது ஊர் வழக்கம் என்று தலைமையாசிரியர் தீர்ப்புச் சொன்னார்.

சரசக்கா எழுந்து வரவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கூப்பிட்டாள். "அம்மிணி, எம்பையன் வர்ற வரைக்கும் பொழுத நிறுத்தச் சொல்லு" என்றாள்.

பரிமளா உள்ளே போய்ச் சொன்னாள். செங்கோட்டுவேல் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. டைமரைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராகச் சொருகினார், விளக்கு முழு வெளிச்சத்தில் நின்றது, தெருவில் சூரியன் மேற்கு மதில்மேல் வந்த இடத்திலேயே நின்றது. பந்தலின் நிழல் அசையவில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் களைத்துப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள், பறையடித்தவர்கள் வேட்டியால் வேர்வையைத் துடைத்தார்கள், பறவைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, முனைக்கு அப்பால் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் பவளம் வெளிறத் தொடங்கியது. முதலில் நுனிகள், பிறகு கைகள், ஒரு மனிதனுக்கு ரத்தம் வடிகிற மாதிரி நிறம் வடிந்தது, செங்கோட்டுவேல் அதைப் பார்த்துக்கொண்டே விளக்குக்கு அடியில் நின்றார், ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவில்லை. பரிமளாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, கல்யாணமான புதிதில் பிடித்ததுபோல. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நந்தகோபால் சட்டையெல்லாம் சேறாக வந்து இறங்கினான், அப்பா முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தான். நல்ல மஞ்சள் வெயிலில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், ரேஷன் கடை முனையில் ஒரே அடியில் நடுராத்திரிக்குள் நுழைந்தார்கள், முன்னால் போனவர்கள் தீவட்டியைப் பற்றவைப்பது இங்கிருந்து தெரிந்தது. அதன் பிறகுதான் செங்கோட்டுவேல் ஸ்விட்சைத் தொட்டார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்தார்.

மயானத்திலிருந்து திரும்பியவருக்கு வாசலில் வைத்துக் காலுக்குத் தண்ணீர் ஊற்றினாள் பரிமளா. ஊற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சரசக்காளுக்குப் பண்ணுனது நியாயமுங்க. பண்ணாம இருந்திருந்தா நானே பண்ணியிருப்பேன். ஆனா ஊருக்கெல்லாம் கோரல் தாங்குது. நான் கேட்டது இருவது நிமிசம், அதுக்குத்தான் தாங்காதுன்னீங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். ஈரக்காலோடு நின்று, நெற்றியைச் சுருக்கி, நியாயமான பதிலைத் தேடி எடுத்துக் கொடுத்தார், ஸ்டோரில் சரியான அளவு போல்ட்டைத் தேடி எடுப்பதுபோல.

"அவங்களுக்கெல்லாம் காரியம் இருந்துது பரிமளா. நீ சும்மா உக்காரத்தான கேட்ட?"

"ஆமா" என்றாள் அவள். "சும்மா உக்காரத்தான்."

செம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளிறின பவளத்துக்கு ஓய்வு வேண்டும், கொஞ்ச நாளைக்கு வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால்தான் நிறம் திரும்பும் என்று அவர் சொன்னார், தெரு பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. நம் பழனியப்பனுக்காகப் பட்ட காயம் என்றார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் விடிந்தது, அதுவும் மங்கலாக. சரசக்கா வடகம் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருப் பெண்கள் தொட்டியைப் பார்க்க வந்து, உடம்பு சரியில்லாதவரை விசாரிக்கிற மாதிரி கொஞ்சம் தாழ்ந்த குரலில் பேசி, சிலர் ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வந்தார்கள். வந்தவர்களுக்கு டீ போட்டுப் போட்டு பரிமளாவுக்குக் கை ஓய்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேன் தண்ணீர் வாங்கப் போயிருந்தபோது பரிமளா அலமாரிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை இழுத்தாள். விளக்குச் செய்து மிஞ்சிய எல்.இ.டி.கள் சில கிடந்தன, மூன்று வெள்ளை, ஒரு நீலம். எத்தனை நாள் டார்ச் பிடித்து நின்றிருக்கிறாள், எது எதோடு சேரும், எந்த ஒயர் சிவப்பு, ஈயம் எப்போது உருகி வெள்ளிபோலப் பளபளக்கும் என்பதெல்லாம் கண்ணுக்குள் இருந்தது. மகனுடைய பழைய டிபன் பாக்ஸ் மூடியில் அவற்றை ஒட்டினாள், செல்போன் சார்ஜர் ஒயரை வெட்டி இணைத்தாள், சப்பாத்திப் பலகையில் இன்னொரு ஓட்டை விழுந்தது, விழட்டும் என்று விட்டுவிட்டாள். நான்காவது படிக்கு மேலே கைப்பிடிக் கம்பியில் கொடிக்கயிறு கட்டி அதைத் தொங்கவிடலாம் என்று அளந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் எழுந்து பாலைக் காய்ச்சினாள், டிகாக்‌ஷன் இறக்கினாள். எவர்சில்வர் குண்டானில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சமையலுக்கு வைத்திருந்த கல்லுப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கரண்டிக் காம்பால் கலக்கினாள், மிதவையும் இல்லை, கணக்கும் இல்லை, நாக்கில் வைத்துப் பார்த்தாள், கடல் மாதிரிதான் இருந்தது. குண்டானை நான்காவது படியின் ஓரத்தில் வைத்தாள். டிபன் பாக்ஸ் மூடிக்கு விபூதி பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். பூஜை செய்த ஆயுதத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு யார் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு, குங்குமம் காய்வதற்குள் கம்பியில் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.

முதலில் கொஞ்சம் நீலம். பிறகு மலை இருக்கிற திசையிலிருந்து, மலைக்குப் பக்கவாட்டிலிருந்து, அவள் மறந்தே போயிருந்த அந்த மெல்லிசான மஞ்சள் வெயில் வந்து நான்காவது படியில் விழுந்தது. ஒரு பாய் அளவுதான் இருக்கும். அதற்கு வெளியே மூன்றாவது படியில் இருட்டு, ஐந்தாவது படியில் இருட்டு, தெரு முழுக்க நிலா வெளிச்சத்தில் தூங்கியது. அவள் நசுங்கின டம்ளரோடு அதில் போய் உட்கார்ந்தாள், முழங்கால்மேல் வெயில் ஏறியது, குண்டானில் தண்ணீர் மெல்ல அசைந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கொஞ்சம் அழுதாள், பிறகு காபி ஆறிவிடுமே என்று குடிக்க ஆரம்பித்தாள்.

கீழே கதவு திறந்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதே, செம்பு எங்கே என்று கேட்க வந்த செங்கோட்டுவேல் முதல் படியில் கால் வைத்து, அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றார். டிபன் பாக்ஸ் மூடியைப் பார்த்தார், குண்டானைப் பார்த்தார், ஈயம் வைத்திருந்த அழகைப் பார்த்தார். கல்லுப்புப் போட்டால் ஆகாது, விளக்கை இன்னும் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. பரிமளா, என்று கூப்பிட்டார்.

அவள் திரும்பவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில், "இது எப்ப அணையும்?" என்று மட்டும் கேட்டார்.

"நான் டம்ளரக் கீழ வெக்கறப்ப."

அவர் தலையாட்டினார். இருட்டில் முதல் படியிலேயே, வெயில் தன்மேல் படாத தூரத்தில், காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். டம்ளரில் இன்னும் பாதிக் காபி இருந்தது, ஆறிப்போயிருந்தது, பரிமளா அதை மெதுவாகத்தான் குடித்தாள்.